வாசகர் கேள்வி பதில்: கேஸ் கட்டு எந்தக் கவுண்டியில்?

குடியுரிமை விண்ணப்பம் பற்றிப் போன மாதம் எழுதியதிலிருந்து, கோர்ட் ஆவணங்களை எங்கே தேடுவது, யாரிடம் கேட்பது என்று அமெரிக்காவின் பல மூலைகளிலிருந்தும் கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. தமிழ் மொழிபெயர்ப்பாளராகக் கோர்ட்டுகளுக்குப் போய் வருகிறவன் என்பதால் அந்தக் கவுன்டர்கள் எனக்குப் பழக்கம். ஆனால் நான் வக்கீல் இல்லை. இதில் எதையும் சட்ட ஆலோசனையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பலருக்கும் பொதுவான கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

எனக்கு 2011-இல் விவாகரத்து ஆனது. தீர்ப்பு நகல் வீடு மாறியதில் தொலைந்துவிட்டது. இப்போது ஊரில் மறுமணப் பேச்சு நடக்கிறது, கோர்ட் முத்திரையோடு நகல் கேட்கிறார்கள். காலின் கவுண்டி தளத்தில் என் பெயரைப் போட்டால் ஒன்றுமே வரவில்லை. கேஸே இல்லாமல் போய்விடுமா?
— வாசகி, ஃபிரிஸ்கோ, டெக்சஸ்

கேஸ் எங்கேயும் போகாது, பயப்படாதீர்கள். ஒன்று தேடிய இடம் தப்பாக இருக்கும், இல்லை தேடிய பெயர் தப்பாக இருக்கும்.

முதலில் இடம். கவுண்டி என்பது நம்ம ஊர் மாவட்டம் மாதிரி. ஃபிரிஸ்கோ ஒரே ஊர்தான் என்றாலும் அதில் ஒரு பகுதி காலின் கவுண்டியில், இன்னொரு பகுதி டென்டன் கவுண்டியில். தெருவைத் தாண்டினால் கவுண்டி மாறிவிடும், தபால் முகவரியில் அது தெரியாது. டெக்சஸில் விவாகரத்து மனுப் போட, இருவரில் ஒருவர் அந்தக் கவுண்டியில் 90 நாளாவது குடியிருந்திருக்க வேண்டும். 'ஒருவர்' என்பதைக் கவனியுங்கள். உங்கள் முன்னாள் கணவர் அதற்குள் தனியாக ஆஸ்டினுக்குப் போய் அங்கிருந்து மனுப் போட்டிருந்தால், கட்டு டிராவிஸ் கவுண்டியில் இருக்கும். நீங்கள் காலினில் எத்தனை நாள் தேடினாலும் கிடைக்காது.

அடுத்தது எந்த அலுவலகம் என்பது. கவுண்டி கிளார்க் என்ற பலகையைப் பார்த்து அங்கே வரிசையில் நின்றுவிடாதீர்கள். டெக்சஸில் அவரிடம் இருப்பது திருமண லைசென்ஸ், நிலப் பத்திரம், உயில் மாதிரி சமாச்சாரங்கள். விவாகரத்து நடப்பது டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில், அதன் காகிதமெல்லாம் டிஸ்ட்ரிக்ட் கிளார்க்கிடம். இரண்டும் தனித்தனி அலுவலகம், சில கவுண்டிகளில் தனித்தனிக் கட்டடம்கூட.

அப்புறம் பெயர். நம்மவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வது இதில்தான். கோர்ட் கம்ப்யூட்டர் கடைசிப் பெயரை முதலில் கேட்கும். நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று ஏது? அப்பா பெயரோ கணவர் பெயரோ, பாஸ்போர்ட்டில் எது எந்தக் கட்டத்தில் விழுந்ததோ அதுதான் கடைசி வரை கூட வருகிறது. முழுப் பெயரும் சர்நேம் கட்டத்துக்குப் போய், முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப் என் யூ' (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று விசாவில் அச்சானவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஒரு தடவை ஒரு கவுண்டியில் ஓர் அம்மாவுக்காகக் கவுன்டரில் நின்றிருந்தேன். கிளார்க் மூன்று முறை தட்டிப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினார். நான் ஒரு துண்டுத் தாளில் அந்த அம்மாவின் பெயரையும் அவர் அப்பா பெயரையும் முன்பின்னாக மாற்றி எழுதி, லட்சுமியில் 'கே எஸ் எச்' வரும் இடத்தில் வெறும் 'எக்ஸ்' போட்டு நீட்டினேன். உடனே வந்துவிட்டது. என்றோ ஒரு வக்கீல் ஆபீசில் யாரோ அப்படி டைப் அடித்திருக்கிறார்கள், அதுதான் அந்த அம்மாவின் கோர்ட் பெயர். பதினோரு வருஷமாக இல்லை என்று நினைத்திருந்த காகிதம் கைக்கு வந்தபோது அவர் கவுன்டரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

ஆகவே உங்கள் பெயரை முன்பின்னாக மாற்றிப் போடுங்கள். 'த', 'ழ' உள்ள பெயரானால் ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாகவும் போடுங்கள், அல்லது முதல் நாலு எழுத்தை மட்டும் போட்டுப் பாருங்கள். முன்னாள் கணவர் பெயரிலும் தேடுங்கள், விவாகரத்துக் கேஸில் இருவர் பெயரும் இருக்கும். எதிலும் அகப்படவில்லையென்றால் டெக்சஸ் மாநிலச் சுகாதாரத் துறையின் பிறப்பு இறப்புப் பதிவுப் பிரிவுக்கு எழுதுங்கள். 1968 முதலான விவாகரத்துகளுக்கு அங்கே அட்டவணை உண்டு, ஓர் உறுதிக் கடிதம் தருவார்கள். அது தீர்ப்பு நகலுக்கு ஈடாகாது, ஆனால் எந்தக் கவுண்டி என்பது அதில் தெரிந்துவிடும். மீதி வேலை சுலபம்.

கிளார்க்கிடம் கேட்கும்போது 'சர்டிஃபைட் காப்பி' என்று சொல்லிக் கேளுங்கள். வெறும் காப்பி என்றால் ஜெராக்ஸ்தான் வரும். இந்தியாவில் கொடுக்கப் போவதால், அதன் மேல் டெக்சஸ் செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட் அலுவலகத்தில் 'அபோஸ்டில்' போட்டு வாங்குங்கள். அந்த முத்திரையை ஏற்றுக்கொள்ளும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இந்தியா 2005 முதல் இருக்கிறது. நகல் உண்மையானது என்பதற்குத்தான் அந்த முத்திரை. அமெரிக்க விவாகரத்து இந்தியச் சட்டப்படி செல்லுமா என்பது வேறு கேள்வி, அதை ஊரில் ஒரு குடும்ப வக்கீலிடம் இப்போதே கேட்டுவிடுங்கள். கல்யாண மண்டபம் பதிவு செய்த பிறகு கேட்க வேண்டாம்.

பிளாக்ஸ்பர்க்கில் படித்தபோது, 2012-இல், ஹாரிசன்பர்க் பக்கம் இன்டர்ஸ்டேட் 81-இல் வேகமாகப் போனதற்கு 'ரெக்லஸ் டிரைவிங்' டிக்கெட். அபராதம் கட்டி முடித்துவிட்டேன். இப்போது குடியுரிமைக்குப் போடுகிறேன். நான் இருக்கும் ஃபேர்ஃபேக்ஸ் கவுண்டி கோர்ட்டில் கேட்டால் எதுவும் இல்லை என்கிறார்கள்.
— வாசகர், ஹெர்ன்டன், வர்ஜீனியா

ஃபேர்ஃபேக்ஸில் இருக்காது. நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதல்ல, போலீஸ் எங்கே வண்டியை நிறுத்தினார் என்பதுதான் கணக்கு. அந்த இடத்துக்கு ஹாரிசன்பர்க் நகரமும் ராக்கிங்ஹாம் கவுண்டியும் சேர்ந்த ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட். வர்ஜீனியாவில் நகரங்கள் கவுண்டிக்குள் அடங்காது, தனியாக நிற்கும். அதனால் எப்போதும் நகரத்தின் பெயரையும் சேர்த்தே தேடுங்கள்.

இதைச் சாதாரண ஸ்பீடிங் டிக்கெட் என்று நினைத்துவிடாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. வர்ஜீனியாவில் ரெக்லஸ் டிரைவிங் ஒரு குற்ற வழக்கு, முதல் வகுப்பு மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றங்களில் மிகக் கடுமையான வகை. அந்தச் சமயம் மணிக்கு 80 மைலைத் தாண்டினாலே அது பொருந்தும் (2020-இல்தான் 85 ஆக்கினார்கள்). குடியுரிமை விண்ணப்பமான என்-400 படிவத்தில் இதை எப்படிக் காட்டுவது என்று குடியேற்ற வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

இன்னொரு சிக்கல், அந்த மாநிலத்தின் ஜெனரல் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுகள் இப்படிப்பட்ட பதிவுகளைப் பொதுவாகப் பத்து வருஷம்தான் வைத்திருக்கும். உங்களுடையது தாண்டிவிட்டது. அப்படியானால் 'பதிவு இப்போது எங்களிடம் இல்லை' என்பதைக் கிளார்க் கையெழுத்தும் முத்திரையுமாக ஒரு கடிதத்தில் கேட்டு வாங்குங்கள். காகிதம் இல்லை என்பதற்கும் காகிதம் வேண்டும். பழைய டிக்கெட், அபராதம் கட்டிய ரசீது, மாநில வாகனத் துறையான டிஎம்வியிலிருந்து உங்கள் டிரைவிங் ரெக்கார்டு, எது கிடைத்தாலும் அதோடு சேர்த்து வையுங்கள்.

மகளுக்கு வந்திருக்கும் வரன் நியூயார்க்கில், குவீன்ஸில் வேலை பார்க்கிறார். ஏற்கனவே விவாகரத்து ஆனவர் என்று அவர்களே சொன்னார்கள். அந்தக் கேஸை நாங்கள் பார்க்க முடியுமா? ஓர் இணையதளம் முப்பது டாலர் கேட்கிறது.
— ஒரு தாய், சென்னை

அந்த முப்பது டாலரைக் கட்டாதீர்கள் அம்மா. நியூயார்க்கில் விவாகரத்துக் கேஸ் கட்டு 100 வருஷத்துக்கு மூடியே இருக்கும். சம்பந்தப்பட்ட இருவரும் அவர்களுடைய வக்கீல்களும்தான் பார்க்கலாம், வேறு யாராக இருந்தாலும் நீதிபதி உத்தரவு வேண்டும். கோர்ட்டே தராததை அந்தத் தளம் எங்கிருந்து தரப் போகிறது?

ஆனால் மாப்பிள்ளை தானே போய் வாங்கலாம். அவருடைய வழக்கு குவீன்ஸில் நடந்திருந்தால் குவீன்ஸ் கவுண்டி கிளார்க்கிடம். (அங்கே கோர்ட்டின் பெயர் 'சுப்ரீம் கோர்ட்' என்று இருக்கும், திகைக்க வேண்டாம், நியூயார்க்கில் அதுதான் முதல் நிலைக் கோர்ட்.) சான்றிட்ட நகல் ஒன்று வாங்கி அனுப்பச் சொல்லி நேரடியாகக் கேளுங்கள். தானாகவே விஷயத்தைச் சொன்னவர் இதற்குத் தயங்க மாட்டார். மறைவாக விசாரிப்பதைவிட இது இரு வீட்டுக்கும் மரியாதை என்று நினைக்கிறேன். நகல் வந்ததும் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள், கிளார்க்கின் சான்றும் கையெழுத்தும் முத்திரையும் இருக்க வேண்டும். அழுத்தி வைத்த முத்திரையானால் விரலால் தடவும்போது மேடு தட்டுப்படும். ஸ்கேன் செய்து அனுப்பியதில் அது தெரியாது, அசலைக் கேளுங்கள்.

அபார்ட்மென்ட் விண்ணப்பத்தை நிராகரித்துவிட்டார்கள். என் மேல் வேறொரு கவுண்டியில் திருட்டு வழக்கு இருப்பதாகப் பின்னணிச் சோதனையில் வந்ததாம். நான் அந்தப் பக்கமே போனதில்லை.
— வாசகர், எடிசன், நியூ ஜெர்சி

உங்கள் கடைசிப் பெயர் குமார் என்று எழுதியிருக்கிறீர்கள். அதே முதல் பெயரோடும் குமாரோடும் இந்த நாட்டில் எத்தனை பேர்! பெயரை மட்டும் பார்த்து ஒட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. இப்படி ஒரு மனிதனின் வீட்டுக் கதவை மூடுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைக்கிறது.

1970-ஆம் ஆண்டின் ஃபேர் கிரெடிட் ரிப்போர்ட்டிங் சட்டப்படி, அறிக்கையைக் காரணம் காட்டி மறுத்தால் அதைத் தயாரித்த நிறுவனம் எது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அந்த நிறுவனத்திடம் அறிக்கையின் நகலை 60 நாளுக்குள் இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். அதில் கவுண்டியும் கேஸ் நம்பரும் இருக்கும். அந்த நம்பரை வைத்து அந்தக் கவுண்டிக் கோர்ட் கிளார்க்கிடம் குற்றப்பத்திரிகை நகல் கேளுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரின் பிறந்த தேதி முழுதாகவோ வருஷம் மட்டுமோ அதில் இருந்தால், உங்கள் அடையாள அட்டையோடு சேர்த்து மறுப்புக் கடிதம் அனுப்புங்கள், பதிவுத் தபாலில். பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் மறுபடி விசாரித்துத் திருத்த வேண்டும். கோர்ட்டில் திருத்த ஒன்றுமில்லை, அங்கே தப்பு நடக்கவில்லை.

என் பழைய கம்பெனி திவாலாகிவிட்டது என்கிறார்கள். கவுண்டி தளத்தில் அந்த வழக்கு இல்லையே?
— வாசகர், நேப்பர்வில், இல்லினாய்

திவால் வழக்கு கவுண்டியில் நடக்காது, ஃபெடரல் கோர்ட்டில்தான். 'பேசர்' என்ற ஃபெடரல் தளத்தில் கணக்குத் தொடங்கித் தேடுங்கள். பக்கத்துக்கு 10 சென்ட், ஓர் ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர். மூன்று மாதத்தில் 30 டாலருக்குள் முடித்துக்கொண்டால் கட்டணமே இல்லை.

வீட்டைப் புதுப்பிக்க ஒரு கான்ட்ராக்டரிடம் பேசியிருக்கிறேன். அவர் மேல் யாராவது கேஸ் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க எனக்கு உரிமை உண்டா? ஏன் கேட்கிறாய் என்பார்களா?
— வாசகர், சன்னிவேல், கலிஃபோர்னியா

நம்ம ஊர்க் கோர்ட்டில் வழக்குக்குச் சம்பந்தமில்லாதவர் நகல் கேட்டால் காரணம் சொல்லி மனுப் போட வேண்டும். அந்தப் பழக்கத்தில் கேட்கிறீர்கள். இங்கே சீல் வைக்காத சிவில் வழக்கை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. கோர்ட் பதிவுகளைப் பார்க்கவும் நகல் எடுக்கவும் பொதுமக்களுக்கு உள்ள உரிமையை 1978-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே, நிக்சன் ஒலிநாடாக்கள் சம்பந்தமான வழக்கில், ஏற்றுக்கொண்டிருக்கிறது.

உங்கள் ஊருக்கு சான்டா கிளாரா கவுண்டி சுப்பீரியர் கோர்ட். ஆனால் கான்ட்ராக்டர் பக்கத்துக் கவுண்டிகளிலும் வேலை எடுப்பார், அலமீடாவையும் சான் மாட்டேயோவையும் விடாதீர்கள். கம்பெனிப் பெயர், சொந்தப் பெயர் இரண்டிலும் தேடுங்கள். சொந்தப் பெயர் தெரியவில்லையென்றால் மாநிலக் கான்ட்ராக்டர் லைசென்ஸ் போர்டு தளத்தில் லைசென்ஸ் நம்பரைப் போட்டால் வரும். கேஸ் ஒன்று அகப்பட்டதும் முடிவு கட்டிவிட வேண்டாம். யாரும் யார் மேலும் வழக்குப் போடலாம். என்ன தீர்ப்பானது, பணம் கட்டினாரா, அதைப் படியுங்கள்.

வீட்டிலிருந்தே எல்லாமும் தெரியாது. கலிஃபோர்னியாவில் குடும்ப வழக்கு, குற்ற வழக்குக் காகிதங்களைப் பொதுமக்கள் இணையத்தில் திறக்க முடியாது, கோர்ட்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டரில்தான் பார்க்கலாம். அதில் பார்ப்பதற்குக் காசு இல்லை. நகலுக்குப் பக்கம் 50 சென்ட். கேஸ் நம்பர் இல்லாமல் கிளார்க்கைத் தேடச் சொல்லி பத்து நிமிஷத்துக்கு மேல் ஆனால் 15 டாலர். ஆகவே நம்பரை நீங்களே கண்டுபிடித்துக்கொண்டு போவது நல்லது.

தபாலில் கேட்பதானால் கேஸ் நம்பர், எந்த ஆவணம், உங்கள் போன் நம்பர் எல்லாம் எழுதி, உங்கள் முகவரியும் ஸ்டாம்ப்பும் உள்ள கவர் ஒன்றை உள்ளே வையுங்கள். எத்தனை பக்கம் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. அதனால் செக்கில் தொகையை நிரப்பாமல், 'இத்தனை டாலருக்கு மேற்படக் கூடாது' என்று அதன் மேல் எழுதி அனுப்புங்கள். பல கோர்ட்டுகள் இதை ஏற்றுக்கொண்டு சரியான தொகையை அவர்களே எழுதிக்கொள்வார்கள்; உங்கள் கோர்ட்டும் ஏற்குமா என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.