சைக்கிள் கேள்வி–பதில்: தாருக்கும் மண்ணுக்கும் ஒரே வண்டி

தார்ச்சாலையிலும் மண்பாதையிலும் ஓடும்படி, வளைந்த ஹேண்டில்பாரும் அகலமான டயரும் கொண்டது கிராவல் சைக்கிள். அதை வாங்குவது பற்றியும், வாங்கியதை உடம்புக்கும் பாதைக்கும் ஏற்றபடி அமைத்துக்கொள்வது பற்றியும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஐயா, நான் கோபிசெட்டிபாளையத்தில் ஆசிரியராக இருக்கிறேன். பள்ளிக்குப் பாதி தூரம் தார்ச்சாலையிலும் மீதி தூரம் தடப்பள்ளி வாய்க்கால் கரையிலும் சைக்கிளில் போய்வருகிறேன். விடுமுறை நாள்களில் 60, 70 கிலோமீட்டர் போகவும் ஆசை உண்டு. முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த மவுண்டன் சைக்கிளே போதும், கிராவல் சைக்கிள் வீண் செலவு என்று கடைக்காரர் சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா?

பதில்: பள்ளிக்குப் போய்வருவது மட்டும்தான் தேவை என்றால் கிராவல் சைக்கிள் உங்களுக்கு அவசியமில்லை. ஆனால், அதற்காக ஸ்பிரிங் ஃபோர்க் வண்டியையும் வாங்க வேண்டாம். விலை குறைந்த மவுண்டன் சைக்கிள்களில் வரும் அந்த ஃபோர்க் இரண்டு கிலோவுக்கு மேல் எடை கொண்டது. எழுந்து நின்று மிதித்தால் நம் பலத்தில் ஒரு பங்கை அது ஆட்டத்திலேயே தின்றுவிடும். பராமரிக்காமல் விட்டால் சில மழைக்காலங்களில் துருவேறி இறுகியும் போகும். வாய்க்கால் கரையின் சிறு அதிர்வுகளை உண்மையில் வாங்கிக்கொள்வது, அளவாகக் காற்றடித்த அகலமான டயர்தான். நேரான ஹேண்டில்பாரும் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கும் 40 மில்லிமீட்டர் டயரும் கொண்ட ஹைபிரிட் சைக்கிள் பள்ளிக்குப் போக நன்றாகவே உதவும்.

விடுமுறை நாளின் 70 கிலோமீட்டர் என்று வரும்போது கணக்கு மாறுகிறது. வளைந்த ஹேண்டில்பாரில் மேல்பகுதி, பிரேக் லீவரின் தலைப்பகுதி, கீழ்வளைவு என்று கையை மாற்றி மாற்றி வைக்க இடமிருப்பதால், மூன்று மணி நேரத்துக்குப் பிறகும் உள்ளங்கை மரத்துப்போவதில்லை. ஆடிக் காற்று எதிரே அடிக்கும்போது கீழ்வளைவைப் பிடித்துக் குனிந்து மிதிப்பவருக்கு அதன் அருமை தெரியும். ரேஸ் சைக்கிளைவிடக் கிராவல் சைக்கிளில் இரு சக்கரங்களுக்கும் இடையே தூரம் சற்றுக் கூடுதல். முன்ஃபோர்க்கும் சற்றுச் சாய்வானது. ஆகவே, புழுதி மண்ணில் முன்சக்கரம் அங்குமிங்கும் அலையாமல் நேராக ஓடும்.

வாங்கும்போது நிறத்தையும் எடையையும் பார்ப்பதற்கு முன், இந்தச் சட்டகத்தில் அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் டயர் நுழையும், மட்கார்டு போட்டால் எத்தனை நுழையும் என்று கேளுங்கள். 45 என்று பதில் வந்தால் நிம்மதியாக வாங்கலாம். 35 என்றால், கிராவல் என்று எழுதியிருந்தாலும் அதைத் தார்ச்சாலை வண்டி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கேரியரும் மட்கார்டும் மாட்டுவதற்கான திருகுத் துளைகள் இருக்கின்றனவா என்பதையும் பாருங்கள். நாள்தோறும் பையோடு பள்ளிக்குப் போகிறவருக்கு அது சிறிய விஷயமில்லை.

கேள்வி: மதுரையில் வங்கியில் பணிபுரிகிறேன். என் உயரம் 157 சென்டிமீட்டர். நான் விரும்பும் கிராவல் சைக்கிள் 54 அளவில் மட்டுமே இருப்பில் உள்ளது. ஹேண்டில்பாரைச் சட்டகத்தோடு இணைக்கும் ஸ்டெம்மைச் சிறியதாகப் போட்டு இருக்கையை இறக்கினால் சரியாகிவிடும் என்று சொல்லி, நல்ல தள்ளுபடியும் தருகிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்க வேண்டாம், அம்மா. தள்ளுபடி எவ்வளவாக இருந்தாலும், அளவு பொருந்தாத வண்டி சில மாதங்களில் வீட்டு மூலைக்குப் போய்விடும். அத்தகைய வண்டிகள் பலவற்றைப் பார்த்த வருத்தத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

சட்டகத்தின் அளவாக எழுதப்படும் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஆகவே, அந்த எண்ணை விட்டுவிட்டு, நிறுவனம் வெளியிடும் அளவுப் பட்டியலில் ஸ்டாக், ரீச் என்னும் இரண்டைப் பாருங்கள். பெடல்கள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சட்டகத்தின் முன்குழாயின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது ஸ்டாக்; அதே உச்சி எவ்வளவு முன்னால் இருக்கிறது என்பது ரீச். இருக்கையை இறக்குவதால் இந்த இரண்டில் எதுவும் மாறாது. ஸ்டெம்மை இரண்டு சென்டிமீட்டர் வரை குறைப்பது இயல்பான சரிசெய்தல். அதற்கு மேல் குறைக்க வேண்டியிருந்தால் சட்டகமே பெரியது என்று பொருள். உங்கள் உயரத்துக்குப் பெரும்பாலான நிறுவனங்களின் மிகச் சிறிய அளவோ அதற்கு அடுத்ததோதான் பொருந்தும். வரவழைத்துத் தர ஒரு மாதம் ஆனாலும் காத்திருங்கள்.

சிறிய அளவு வண்டியிலும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது. பெடலைக் கிடைமட்டமாக வைத்து, பாதத்தை அதன்மேல் ஊன்றி, ஹேண்டில்பாரை மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஷூவின் முனை முன்டயரில் உரசினால், குறுகிய சந்தில் மெதுவாகத் திரும்பும்போது கீழே விழ வாய்ப்புண்டு. சில நிறுவனங்கள் இதைத் தவிர்ப்பதற்காகவே சிறிய அளவுகளில் 700சி சக்கரத்துக்குப் பதிலாக 650பி சக்கரம் தருகின்றன. டயர் உட்காரும் இடத்தில் ரிம்மின் விட்டம் 700சி-யில் 622 மில்லிமீட்டர், 650பி-யில் 584 மில்லிமீட்டர். பெடலைத் தாங்கும் கிராங்க் தண்டின் நீளம் 165 மில்லிமீட்டராக இருந்தால் உங்கள் முழங்காலுக்கும் நல்லது. ஹேண்டில்பாரின் அகலம் தோளகலத்தை ஒட்டி 38 அல்லது 40 சென்டிமீட்டர் இருக்கட்டும்.

சரியான அளவு வண்டி வந்த பிறகு, இருக்கை உயரத்திலிருந்து தொடங்குங்கள். வெறுங்காலோடு சுவரில் முதுகு ஒட்டி நின்று, கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு இடையே இருக்கையைப் போல அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளக்க வேண்டும். அந்த அளவை 0.883-ஆல் பெருக்கினால், பெடல்கள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து இருக்கையின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய தூரம் கிடைக்கும். உட்கால் 73 சென்டிமீட்டர் என்றால் விடை ஏறத்தாழ 64.5. இது தொடக்க அளவுதான். ஓட்டும்போது இடுப்பு இருபுறமும் ஆடினால் சில மில்லிமீட்டர் இறக்குங்கள். முழங்காலின் முன்புறம் வலித்தால் சற்று ஏற்றுங்கள். இருக்கையின் உயரமும் முன்பின் நிலையும் முடிந்த பிறகே ஹேண்டில்பாருக்கு வர வேண்டும். பிரேக் லீவர் எட்டவில்லை என்றால், பல மாதிரிகளில் அதை ஹேண்டில்பாருக்கு அருகே கொண்டுவரச் சிறு திருகு ஒன்று இருக்கும். பெண் வாடிக்கையாளர்களிடம் கடைக்காரர்கள் இதைச் சொல்லாமல் விடுவதை அடிக்கடி பார்க்கிறேன், கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியில் தென்னை விவசாயம் செய்கிறேன். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏற வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. முன்னால், பெடலருகே, ஒரு பல்சக்கரம் உள்ள வண்டி நல்லதா, இரண்டு உள்ளது நல்லதா?

பதில்: உங்களுக்கு இரண்டு உள்ளதே நல்லது. முன்னால் 40 பற்களும் பின்னால் 11 முதல் 42 பற்கள் வரையும் கொண்ட வண்டியில், மிக இலேசான கியரில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் 0.95 சுற்றுச் சுற்றும். முன்னால் 46, 30 பற்கள் கொண்ட இரண்டு பல்சக்கரங்களும் பின்னால் 11 முதல் 34 வரையும் இருந்தால் அது 0.88 சுற்று. 40 மில்லிமீட்டர் டயர் போட்ட 700சி சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.2 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் முதல் வண்டி மணிக்கு ஏழரைக் கிலோமீட்டரும் இரண்டாவது 7 கிலோமீட்டரும் போகும். அந்த அரைக் கிலோமீட்டர் வித்தியாசம் தாளில் சிறிதாகத் தெரிந்தாலும், 40 கொண்டை ஊசி வளைவுகளில் முப்பதாவதைத் தாண்டும்போது கால் அதை உணரும். பொள்ளாச்சியின் சமவெளியிலும் இரட்டைப் பல்சக்கரத்தில் கியர்களுக்கு இடையிலான தாவல் சிறிதாக இருப்பதால் மிதி சீராக வரும்.

ஒற்றைப் பல்சக்கரத்துக்கும் நியாயமான இடம் உண்டு. மழையில் கரிசல் மண் அப்பிக்கொள்ளும் ஊர்களில், முன்கியர் மாற்றி இல்லாத வண்டியில் மண் அடைவதற்கு ஓரிடம் குறைகிறது. எதை வாங்கினாலும் பின்கியர் மாற்றியில் கிளட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். மேடுபள்ளத்தில் செயின் துள்ளி விழாமல் அதுதான் பிடித்துவைக்கும். வால்பாறையிலிருந்து இறங்கும்போது பிரேக்கை இழுத்துப் பிடித்தபடியே வராமல், வளைவுக்கு முன் அழுத்தமாகப் பிடித்து, வளைவில் விட்டுவிடுங்கள். தொடர்ந்து பிடித்தால், டிஸ்க் பிரேக் பிடிக்கும் வட்டத்தகடான ரோட்டார் கடுமையாகச் சூடேறும். அது யானை நடமாடும் காடு. வெளிச்சம் இருக்கும்போதே ஏறி இறங்கிவிடுங்கள்.

கேள்வி: அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் பாதைகளில் சீமைக்கருவேல முள்தான் பெரிய தொல்லை. வாரத்துக்கு இரண்டு பஞ்சராவது ஆகிறது. ட்யூப்லெஸ் டயர் போட்டால் தீருமா?

பதில்: பெருமளவு தீரும். கிராவல் சைக்கிள் பந்தயங்களில் புகழ்பெற்றது, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் எம்போரியாவைச் சுற்றி 2006-இல் தொடங்கப்பட்ட 200 மைல் பந்தயம். அங்கே கூரான சிக்கிமுக்கிக் கற்கள் டயரைக் கிழிக்கின்றன. அதனால் பக்கச்சுவர் தடித்த டயரையே வாங்கச் சொல்லும் அறிவுரை பரவலாகக் காணப்படுகிறது. நம் எதிரி வேறு. கருவேல முள் மெல்லியது, நேரானது, தரையில் உருளும் பாகத்தின் வழியாகவே ஊசியாய் இறங்குவது. ஆகவே, நடுப்பாகத்தில் முள் தடுக்கும் பட்டை உள்ள டயரைத் தேர்ந்தெடுங்கள். கல்குவாரிப் பாதைகளில் ஓட்டுபவர் மட்டும் பக்கச்சுவரைப் பற்றிக் கவலைப்பட்டால் போதும்.

ட்யூப்லெஸ் முறையில் ரிம்மின் ஸ்போக் துளைகளைக் காற்றுப் புகாத நாடாவால் மூடி, தனி வால்வு பொருத்தி, டயருக்குள் ரப்பர் பால் கலந்த சீலன்ட்டை ஊற்றுகிறோம். முள் குத்திய இடத்தில் அது கசிந்து, உறைந்து, துளையை அடைத்துவிடும். 40 மில்லிமீட்டர் டயருக்கு 60 முதல் 90 மில்லிலிட்டர் வரை வேண்டும். முள் மிகுந்த ஊரில் மேல் அளவையே ஊற்றுங்கள். உங்கள் பகுதி வெயிலில் சீலன்ட் விரைவாக உலர்ந்துவிடும் என்பதை மறக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வால்வின் உள்திருகைக் கழற்றி, மெல்லிய குச்சியை உள்ளே விட்டு, நனைந்து வருகிறதா என்று பாருங்கள். உலர்ந்து வந்தால் புதிதாக ஊற்ற வேண்டும்.

ரிம் ட்யூப்லெஸ்ஸுக்கு ஏற்றதாக இல்லாவிட்டால், உள்திருகு கழற்றக்கூடிய வால்வுள்ள ட்யூபிலேயே சீலன்ட் ஊற்றலாம். ட்யூப் மாற்ற நேர்ந்தால் டயரின் உட்புறத்தை அவசியம் சோதியுங்கள். முள்ளின் வெளிமுனை ஒடிந்து, உள்முனை மட்டும் டயரிலேயே தங்கியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் கரும்புள்ளிகூடத் தெரியாது. பழைய பருத்தித் துணியை உட்புறம் சுற்றிலும் துடைப்பதுபோல இழுத்தால், முனை இருக்கும் இடத்தில் நூல் சிக்கும். அங்கே டயரை மடக்கி, புருவம் திருத்தும் சாமணத்தால் முனையைப் பிடுங்கிய பிறகே புது ட்யூப் போட வேண்டும்.

காற்றழுத்தம் பற்றியும் ஒரு சொல். 70 கிலோ எடையுள்ளவருக்கு 40 மில்லிமீட்டர் ட்யூப்லெஸ் டயரில் மண்பாதைக்கு 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரையும், ட்யூப் இருந்தால் 40 முதல் 45 வரையும் வைத்துத் தொடங்கலாம். முன்சக்கரத்தில் இரண்டு, மூன்று குறைவாக இருக்கட்டும். பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் கைக்கணக்காக அடிக்கச் சொல்லாதீர்கள். விளிம்பில் கொக்கி இல்லாத ஹூக்லெஸ் ரிம்களுக்கு 5 பார், அதாவது ஏறத்தாழ 72 பி.எஸ்.ஐ. தான் உச்சவரம்பு. அதைத் தாண்டினால் டயர் ரிம்மை விட்டுத் தெறிக்கலாம். அளவுமானி உள்ள கைப்பம்பு ஒன்றை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: திருச்சியில் எங்கள் பகுதி மெக்கானிக்குக் கேபிள் பிரேக் மட்டுமே தெரியும். கேபிளுக்குப் பதிலாகத் திரவத்தால் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வாங்கினால் சிரமமா?

பதில்: ஹைட்ராலிக் பிரேக்கை ஒரு விரலால் பிடிக்கலாம், நெடுந்தூரத்தில் கை வலிக்காது. ஆனால், அதில் காற்றுக் குமிழி புகுந்தால் திரவம் மாற்றத் தெரிந்தவர் வேண்டும். உங்கள் சூழ்நிலையில் நல்ல கேபிள் டிஸ்க் பிரேக்கே போதுமானது. ஹைட்ராலிக் வாங்கினால், மினரல் ஆயில் ஊற்ற வேண்டிய பிரேக்கில், டாட் (DOT) என்னும் வேறு வகைப் பிரேக் திரவத்தை எக்காரணம் கொண்டும் ஊற்ற விடாதீர்கள். ரப்பர் வளையங்கள் கெட்டுவிடும். எந்த வகையானாலும், செயினுக்கு எண்ணெய் தெளிக்கும்போது ரோட்டாரைத் துணியால் மூடிவிடுங்கள்.

கேள்வி: கோவையில் கல்லூரி மாணவன். வீட்டில் அப்பாவின் பழைய 26 அங்குல ஸ்டீல் மவுண்டன் சைக்கிள், ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்கோடு, இருக்கிறது. வளைந்த ஹேண்டில்பார் மாட்டி அதைக் கிராவல் சைக்கிளாக்க முடியுமா?

பதில்: முடியும், தம்பி, ஆனால் ஹேண்டில்பாரை மாற்றாதீர்கள். மவுண்டன் சைக்கிளின் சட்டகம் நேரான ஹேண்டில்பாருக்காகவே நீளமாக அமைக்கப்பட்டது. வளைந்ததை மாட்டினால் கை இன்னும் முன்னால் போய்விடும். அதோடு செலவும் நிற்காது. மவுண்டன் சைக்கிளில் ரிம்மை இருபுறமும் அழுத்தும் வி-பிரேக்குக்குக் கேபிள் ஏறத்தாழ இருமடங்கு தூரம் இழுபட வேண்டும். வளைந்த ஹேண்டில்பாரில் மாட்டும், பிரேக்கும் கியரும் சேர்ந்த சாதாரண ரேஸ் லீவர் அவ்வளவு இழுக்காது. பின்னால் ஷிமானோவின் 9 கியர் வரை இருந்தால் ரேஸ் லீவரும் மவுண்டன் கியர் மாற்றியும் ஒத்துப்போகும். 10 கியரில் ஒத்துப்போகாது.

அந்தப் பணத்தில் இரண்டு அங்குல அகலத்தில், நடுவில் வழவழப்பாகவும் ஓரங்களில் சிறு குமிழ்களோடும் இருக்கும் 26 அங்குல டயர்கள் இரண்டு, புதுச் செயின், புதுப் பிரேக் கட்டைகள், கேபிள்கள் வாங்குங்கள். பழைய செயினோடு சேர்ந்து தேய்ந்துவிட்ட பின்பக்கப் பல்சக்கரத் தொகுப்பில் புதுச் செயின் வழுக்கினால் அந்தத் தொகுப்பையும் சேர்த்து மாற்ற வேண்டிவரும். இருக்கைக் குழாய் சட்டகத்துக்குள் துருவால் இறுகியிருக்கிறதா என்று செலவு செய்வதற்கு முன் அசைத்துப் பாருங்கள். கழன்று வந்தால் கிரீஸ் தடவி மீண்டும் பொருத்தி, மற்ற வேலைகளைத் தொடங்கலாம்.