புது பெயின்ட்டுக்கு அடியில் மக்கிய வாடை: வீடு வாங்கும் முன் ஈரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

கேள்வி: பழைய தனி வீடு ஒன்றை வாங்குவதாக இருக்கிறோம். இரண்டு முறை போய்ப் பார்த்தாயிற்று. உள்ளே முழுக்கப் புதிதாக பெயின்ட் அடித்திருக்கிறார்கள், பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படுக்கையறையில் உள்ள மர அலமாரியைத் திறந்தால் மக்கிய வாடை அடிக்கிறது. உரிமையாளரிடம் கேட்டால், "பூட்டிக் கிடந்த வீடு, நாலு நாள் திறந்து வைத்தால் போய்விடும்" என்கிறார். என் மகனுக்கு ஆஸ்துமா உண்டு. பூஞ்சை இருக்கிறதா என்று நாங்களே பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? காற்றைப் பரிசோதிக்கும் ஆட்களைக் கூப்பிட வேண்டுமா?

பதில்: பூட்டிக் கிடந்த வீட்டில் வாடை வரும்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் காய்ந்த வீட்டைப் பூட்டி வைத்தால் தூசி வாடைதான் வரும், மக்கிய வாடை வராது. எதுவும் மக்க வேண்டுமென்றால் ஈரம் வேண்டும். அதனால் அந்த வீட்டில் ஈரம் இருந்திருக்கிறது, அல்லது இன்னமும் இருக்கிறது. இந்த இரண்டில் எது என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் வேலை. பெரும்பகுதியை நீங்களே செய்யலாம்.

காற்றுப் பரிசோதனைக்கு இப்போது பணம் செலவழிக்க வேண்டாம். பூஞ்சையின் விதைத்துகள்கள் எல்லா வீட்டுக் காற்றிலும், வெளிக்காற்றிலும் எப்போதும் மிதந்துகொண்டிருக்கின்றன. ஜன்னலைத் திறந்தால் ஒரு எண் வரும், மூடினால் வேறு எண் வரும். இத்தனைக்கு மேல் இருந்தால் ஆபத்து என்று சொல்ல, எல்லோரும் ஒப்புக்கொண்ட வரம்பும் கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009இல் வீட்டு ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றித் தனியாக ஒரு வழிகாட்டி வெளியிட்டது, அதிலும் எண் எதுவும் வைக்கவில்லை. ஈரமான, பூஞ்சை பிடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு மூச்சுத் தொல்லையும் ஆஸ்துமா கூடுவதும் அதிகம், அதனால் ஈரத்தையே தடுங்கள் என்பதுதான் அதன் சாரம். கறுப்புப் பூஞ்சை என்றால் கொடிய விஷம், பச்சை என்றால் பரவாயில்லை என்றெல்லாம் நிறத்தை வைத்துச் சொல்பவர்களையும் நம்ப வேண்டாம். எந்த வகையாக இருந்தாலும் செய்யவேண்டியது ஒன்றுதான்: நீர் வரும் வழியை அடைத்துவிட்டு, பூஞ்சையை அகற்ற வேண்டும். ஆகவே தேட வேண்டியது தண்ணீரை.

மூன்றாவது முறை போகும்போது முடிந்தால் நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போங்கள். முந்தைய இரவு கதவு ஜன்னல்களைத் திறந்து வைக்க வேண்டாம், ரூம் ஸ்ப்ரே எதுவும் அடிக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். உள்ளே நுழைந்ததும் பேச ஆரம்பிக்காமல் முதலில் மூக்கை வேலைசெய்ய விடுங்கள், ஏனென்றால் சில நிமிடங்களில் மூக்கு அந்த வாடைக்குப் பழகிவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது. சந்தேகம் வந்தால் வெளியே போய்ச் சற்று நின்றுவிட்டுத் திரும்ப வாருங்கள். சிங்க்குக்கு அடியில், மாடிப்படிக்குக் கீழே, பரண் மேல் என்று காற்றோட்டமில்லாத இடங்களில் குனிந்தும் ஏறியும் முகர்ந்து பாருங்கள். பார்ப்பவர்கள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

அடுத்து அந்தப் புது பெயின்ட். அதை நேராக நின்று பார்த்தால் எதுவும் தெரியாது. திரையை இழுத்து அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பிடித்து, வெளிச்சம் சுவரின் மேல் சாய்வாக ஓடும்படி அடியுங்கள். சின்னக் கொப்புளங்கள், பட்டி பார்த்து மறைத்த திட்டு, காரை உப்பி நிற்கும் இடம் எல்லாம் நிழல் விழுந்து தெரியும். அப்படித் தெரிந்த இடத்தை விரல் கணுவால் தட்டுங்கள், பொத்தென்று வெற்றோசை கேட்டால் காரை சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது. வீடு முழுக்க பெயின்ட் அடிப்பதில் தப்பில்லை, விற்கிறவர்கள் அடிக்கத்தான் செய்வார்கள். ஒரு அறைக்கு மட்டும் பொய்க்கூரை, ஒரு சுவருக்கு மட்டும் வால்பேப்பர், ஒரு சுவரில் மட்டும் மரப்பலகை என்றால்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.

உங்களுக்கு வாடை வந்த அலமாரிக்கு வருவோம், துப்பு அங்கேதான் இருக்கிறது. முதலில் அது எந்தச் சுவரை ஒட்டி நிற்கிறது என்று பாருங்கள்: வெளிச்சுவரா, குளியலறைச் சுவரா? கீழ்த் தட்டில் உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டு, டார்ச்சோடு தலையை உள்ளே விட்டுப் பின்பலகையைப் பாருங்கள். வெளியே பாலிஷ் போட்டவர்கள் உள்ளே போட்டிருக்க மாட்டார்கள். பிளைவுட்டின் அடி ஓரம் உப்பி அடுக்கடுக்காகப் பிரிந்திருக்கிறதா, கீழே உள்ள கீல்களும் திருகுகளும் மட்டும் துருவேறி மேலே உள்ளவை பளபளப்பாக இருக்கின்றனவா என்று கவனியுங்கள். கீழே மட்டும் துரு என்றால் ஈரம் அடியிலிருந்து வருகிறது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி துரு என்றால் அலமாரிக்குள் காற்றே ஈரமாக இருந்திருக்கிறது. உரிமையாளர் அனுமதித்தால் ஸ்க்ரூடிரைவர் நுனியால் அடிப்பலகையை லேசாகக் குத்துங்கள், நல்ல மரம் எதிர்த்து நிற்கும், உளுத்தது உள்வாங்கும்.

சுவரிலோ பலகையிலோ வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் உடனே பூஞ்சை என்று பதற வேண்டாம். சுவருக்குள் போன தண்ணீர் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்து காயும்போது வெள்ளையாகப் பூக்கும். அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் பெரும்பாலும் கரைந்துவிடும், தேய்த்தால் நறநறவென்று உதிரும். பூஞ்சை கரையாது, பஞ்சு போல இருக்கும், தேய்த்தால் இழுவிக்கொண்டு போகும். உப்பால் உடம்புக்குப் பெரிய கெடுதல் இல்லை. ஆனால் அந்தச் சுவருக்குள் தண்ணீர் பயணம் செய்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

சரி, எந்தத் தண்ணீர்? வீட்டுக்குள் ஈரம் வர நாலு வழிதான்: தரை, மழை, குழாய், காற்று. கறை இருக்கும் இடமும் அதன் வடிவமும் ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். தரையிலிருந்து ஏறும் ஓதம் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்குள் நின்றுவிடும், மேல் விளிம்பில் குறுக்காக ஒரு கோடும் உப்புப் பூத்த பட்டையும் இருக்கும். மழைத்தண்ணீர் என்றால் ஜன்னல் மூலைகள், கூரையும் சுவரும் சேரும் இடம், சுவர் வெடிப்பு, இந்த இடங்களில் பழுப்பு வளையம் வளையமாகக் கறை, மழைக்குப் பிறகு அடர்ந்து வெயிலில் வெளிறும். குழாய்க் கசிவுக்கு மழையும் வெயிலும் ஒன்றுதான். கறை காயாமல் மெல்லப் பரவிக்கொண்டே இருக்கும், சுவரின் மறுபக்கத்தில் அநேகமாகக் குளியலறையோ சமையலறையோ இருக்கும்.

நாலாவதான காற்றைத்தான் நிறையப் பேர் தவறவிடுகிறார்கள். கசிவே இல்லாத வீட்டிலும் பூஞ்சை வரும். 30 டிகிரி வெப்பமும் 70 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பில் பட்டாலும் நீராக மாறி ஒட்டிக்கொள்ளும், குளிர்ந்த பாட்டிலின் வெளிப்பக்கம் வியர்ப்பது போலத்தான். பூஞ்சைக்கு அந்த அளவு நீர்கூடத் தேவையில்லை, சுவரின் மேல்பரப்பை ஒட்டிய காற்று 80 சதவீத ஈரத்தில் நாள்கணக்கில் இருந்தாலே போதும். அறையின் மேல் மூலைகள், அலமாரியின் முதுகு, கட்டிலின் தலைமாடு, ஏசி ஓடும் அறைக்கும் ஓடாத அறைக்கும் நடுவிலுள்ள சுவர் ஆகியவை இதற்குத் தோதான இடங்கள். இங்கே உப்பு இருக்காது, கோடு இருக்காது, மிளகைத் தூவியது மாதிரி கறும்புள்ளிகள் மட்டும் இருக்கும். உங்கள் அலமாரி வெளிச்சுவரோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி நின்றால் எனக்கு முதல் சந்தேகம் இதன்மேல்தான். இதுதான் நாலிலும் எளிதில் தீர்க்கக்கூடியது என்பதால், அப்படியே இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. சந்தேகப்படும் சுவரைத் துடைத்துக் காயவிட்டு, ஒன்றரை அடிச் சதுரத்துக்குத் தெளிவான பிளாஸ்டிக் தாளையோ அலுமினியத் தாளையோ வைத்து நாலு ஓரத்தையும் காற்றுப் புகாமல் டேப்பால் ஒட்டுங்கள். ஒருநாள் இரண்டுநாள் விட்டுவிட்டு வந்து பாருங்கள். தாளின் அறைப்பக்கம் நீர் கோத்திருந்தால் காற்றின் ஈரம், பிரித்தபின் சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வறண்ட நாட்களில் செய்தால் இரண்டு பக்கமும் காய்ந்தே இருக்கலாம், அதை வைத்துச் சுவர் சுத்தம் என்று முடிவுகட்ட வேண்டாம். டேப்பைப் பிடுங்கும்போது புது பெயின்ட் கையோடு வந்துவிடும் ஆபத்தும் உண்டு, அதனால் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள். (பெயின்ட் தோல் தோலாக உரிந்து வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.)

குழாய்க்கு: எல்லாக் குழாயையும் மூடிவிட்டுத் தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள், மீட்டர் இல்லாவிட்டால் தொட்டியின் மட்டத்தை. இரண்டு மணி நேரத்தில் நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது. இது அழுத்தத்தில் இருக்கும் குழாயை மட்டும் காட்டும், கழிவுக்குழாயையும் குளியலறைத் தரையின் கசிவையும் காட்டாது. தரை கசிகிறதா என்று அறியக் குளியலறை வடிகாலை அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒருநாள் வைத்துப் பார்க்க வேண்டும். வாசற்படி தாண்டி வழியாத அளவுக்கு நிறுத்துங்கள், மறுநாள் அடுத்த அறைச் சுவரையும் கீழ்த்தளக் கூரையையும் தொட்டுப் பாருங்கள்.

அப்புறம் வீட்டைச் சுற்றி வெளியே ஒரு நடை. உள்ளே பார்த்த ஈரத்துக்கு அனேகமாக வெளியேதான் காரணம் கிடைக்கும். வெளித்தரை மட்டம் வீட்டுத் தரையைவிட உயர்ந்திருக்கிறதா, சுவரை ஒட்டிச் செடிக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் விடுகிறார்களா, கூரை நீர் இறங்கும் குழாய் சுவரடியிலேயே கொட்டுகிறதா? சுவரிலிருந்து வெளிப்பக்கமாக முதல் 10 அடிக்கு அரை அடியாவது தரை சரிந்திருந்தால் நல்லது. கூரைக்கு ஏற முடிந்தால் ஏறி, தண்ணீர் தேங்கிய தடமும் வடிகால் வாயில் அடைப்பும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஈரமானி வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். வாங்கலாம், ஆனால் அது காட்டும் சதவீதத்தை நம்பிவிடாதீர்கள். ஊசி வைத்த மீட்டர்கள் பெரும்பாலும் மரத்துக்காக அளவு செய்யப்பட்டவை. மரத்தில் 20 சதவீதத்தைத் தாண்டினால் கவலைப்பட வேண்டும், ஆனால் சுவரில் அதே எண்ணுக்கு அந்த அர்த்தம் இல்லை. உப்புப் பூத்த சுவர் காய்ந்திருந்தாலும் மீட்டர் கத்தும், உள்ளே கம்பி இருந்தால் ஊசியில்லாத மீட்டர் ஏமாறும். ஒரே சுவரில் பத்து இடத்தில் வைத்து எங்கே கூடுகிறது, எங்கே குறைகிறது என்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். வெப்பக் கேமராவும் ஈரத்தை அல்ல, குளிர்ந்த இடத்தைத்தான் காட்டும்.

இவ்வளவும் பார்த்தபின் முடிவு எப்படி எடுப்பது? காற்றின் ஈரம் மட்டும்தான் என்றால் அலமாரியைச் சுவரிலிருந்து சில அங்குலம் தள்ளி வைத்து, குளியலறைக்கும் சமையலறைக்கும் வெளியேற்றும் மின்விசிறி போட்டு, உள்ளே ஈரப்பதத்தை 60 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் சமாளித்துவிடலாம். குழாயும் கூரையும் செலவு வைக்கும், ஆனால் முடிகிற வேலை, விலையில் கழித்துக்கொள்ளலாம். தரையிலிருந்து ஏறும் ஓதம் பல சுவர்களில் இருந்தால் நானாக இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடுவேன், அதுவும் ஆஸ்துமா உள்ள பையனை வைத்துக்கொண்டு. எந்த வழி என்று பிடிபடவே இல்லை என்றால், சரிசெய்யும் வேலை எதையும் விற்காத ஒரு கட்டடப் பொறியாளருக்குக் கட்டணம் கொடுத்துக் காட்டுங்கள். இலவசமாகப் பார்த்துச் சொல்கிறேன் என்று வருகிற வாட்டர்ப்ரூஃபிங்காரருக்கு எல்லாச் சுவரும் வாட்டர்ப்ரூஃபிங் கேட்பதாகத்தான் தெரியும்.

வாங்கினால், பூஞ்சையைச் சுத்தம் செய்யும்போது பையனை அங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். மொத்தமாக மூன்றுக்கு மூன்று அடி அளவுக்குள் இருந்தால், என்95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி முழுக்கக் காயவிட்டால் போதும். அதற்கு மேல் என்றால் ஆள் வைத்துச் செய்யுங்கள். பிளீச்சிங் திரவம் நிறத்தைப் போக்கும், பலகைக்குள் இறங்கியதைத் தொடாது. செத்த பூஞ்சையும் அலர்ஜி தரும் என்பதால் கொல்வது போதாது, அகற்றியாக வேண்டும். எக்காரணம் கொண்டும் பிளீச்சிங் திரவத்தை அமோனியா கலந்த கிளீனரோடு சேர்க்காதீர்கள், விஷவாயு கிளம்பும். அந்த அலமாரியின் அடிப்பலகை உளுத்திருந்தால் கழுவிக்கொண்டிருக்காமல் கழற்றி வெளியே போட்டுவிடுங்கள்.