கலம்காரியோடு கடல் தாண்டும்போது: வாசகர் கேள்விகள்

ஸ்ரீகாளஹஸ்தியில் கலம்காரி, அதாவது கலம் என்ற மூங்கில் பேனாவால் துணியில் ஓவியம், வரைகிறேன். ஜனவரி, பிப்ரவரி இரண்டு மாதம் பிரான்சில் ஒரு கலையகத்தில் தங்கி வரைய அழைத்திருக்கிறார்கள். துணியை ஊறவைக்கும் பால், கடுக்காய், கோடு இழுக்கும் கருப்பு மை எல்லாம் கொண்டுபோக முடியுமா?
– வாசகி, ஸ்ரீகாளஹஸ்தி

பாலை மறந்துவிடுங்கள். வெளிநாட்டுப் பயணிகள் பால், பால்பொடி எதையும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. அங்கேயே வாங்குங்கள். ஆனால் கடைப் பசும்பாலில் கொழுப்பு 3.5 சதவீதம்தான், நம் எருமைப்பாலில் ஏறக்குறைய 7. கொழுப்பு குறைந்தால் கலம் இழுத்த கோடு துணியில் கசிந்து பரவும். ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பாலில் 35 சதவீதக் க்ரீம் 125 மில்லி சேர்த்தால் கணக்கு சரியாகும். அதே கலவையை இங்கேயே பசும்பாலில் செய்து, ஒரு முழத் துணியில் கோடு இழுத்துப் பாருங்கள்.

கடுக்காய்ப்பொடி, சிவப்புச் சாயம் தரும் மஞ்சிட்டி வேர் இரண்டையும் தனித்தனிப் பையில் கட்டி, மேலே தாவரப் பெயரை எழுதுங்கள்: டெர்மினாலியா செபுலா, ரூபியா கார்டிஃபோலியா. சாயத்தைத் துணியில் பிடிக்கவைக்கும் படிகாரத்தைப் பொடிக்காமல் கட்டியாகவே எடுத்துப்போங்கள். பெயரில்லாத வெள்ளைப் பொடி பெட்டியில் இருந்தால் வீண் சோதனை.

கருப்புதான் பெரிய சிக்கல். துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்தால் நம் வெயிலில் இரண்டு மூன்று வாரத்தில் புளித்து இரும்பு கரைந்துவிடும். அங்கே குளிர்காலம், 15 டிகிரி அறையில் புளிப்பது மிக மெதுவாக நடக்கும், உங்கள் இரண்டு மாதத்தில் பாதி அதற்கே போய்விடும். பாதி புளித்ததை விமானத்தில் கொண்டுபோனாலோ வாயு அடைத்து மூடி தெறிக்கும், பெட்டி முழுவதும் கறுத்துவிடும். போன அன்றே வெள்ளை வினிகரில் சோப்பில்லாத எஃகுக் கம்பளியை ஊறவைத்து, ஹீட்டர் பக்கத்தில் வையுங்கள். மூடியை இறுக்காதீர்கள். சில நாளில் இரும்பு கரையத் தொடங்கும். வெல்லக் கருப்பைவிட நீர்த்திருக்கும் என்பதால், கொஞ்சம் கருவேலம் பிசின் கரைத்துச் சேர்த்தால் கோடு நிற்கும். அவசரத்துக்கு அன்னபேதி (இரும்பு சல்பேட்) போட்டு விடாதீர்கள். சில ஆண்டில் கோட்டின் வழியே துணி இற்றுப்போகும்.

நம் ஸ்வர்ணமுகி ஆறு போல ஓடும் தண்ணீர் அங்கே கிடைக்காது. ஈரத்துணியை மடித்து வைத்தால் படிகாரம் பக்கத்து இடத்தில் ஒட்டி, சாயம் போட்டதும் திட்டுத்திட்டாகச் சிவக்கும். துணியை விரித்துப் பிடித்து, ஓடும் குழாய்நீரில் அலசுங்கள். இரும்புப் பாத்திரம் சிவப்பைப் பழுப்பாக்கிவிடும். அகலமான எவர்சில்வர் பாத்திரம் இருக்கிறதா என்று இப்போதே கடிதம் எழுதிக் கேளுங்கள். அங்கே தண்ணீர் கடினமா மென்மையா என்பதையும் கேளுங்கள். மென்தண்ணீரில் சிட்டிகை சுண்ணாம்புக்கல் தூள் (கால்சியம் கார்பனேட்) சேர்த்தால்தான் மஞ்சிட்டி நன்றாகச் சிவக்கும்.

ஆதாரில் என் பெயருடன் இன்ஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கிறது. விசாவுக்கு இது தடையா?
– வாசகர், நகரி

தமிழ் இன்ஷியலும் தெலுங்கு இண்டிபேரும் (குடும்பப் பெயர்) கலக்கும் நம் ஊர்ப் பக்கம் அடிக்கடி வரும் குழப்பம். விசாவுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தே கணக்கு. அழைப்புக் கடிதம், விமான டிக்கெட், காப்பீடு மூன்றிலும் அதே பெயர், அதே வரிசையில் இருக்கட்டும். கடிதத்தில் தேதிகள், தங்குமிடம், செலவு யாருடையது என்பது தெளிவாக வேண்டும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் குறுகிய விசாவில் 180 நாளுக்குள் 90 நாள்தான். அதற்கு மேல் தங்க அந்த நாட்டின் நீண்டகால விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், 15 நாளுக்குக் குறைந்து போனால் வாங்க மாட்டார்கள். காப்பீடு குறைந்தது 30,000 யூரோ.

தாத்தா வரைந்த பழைய துணியையும் காட்டக் கொண்டுபோகலாமா?
– வாசகர், புத்தூர்

1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. அதற்குக் குறைந்ததானாலும் பழையதாகத் தெரிந்தால் விமான நிலையத்தில் நிறுத்துவார்கள். இந்தியத் தொல்லியல் துறையில் ‘தொல்பொருள் அல்ல’ என்ற சான்றிதழை முன்பே வாங்கிவிடுங்கள். அதற்கு நேரமில்லையென்றால் துணி வீட்டிலேயே இருக்கட்டும், நல்ல படங்களை மட்டும் கொண்டுபோங்கள்.