உங்கள் பீம் விறைத்துப்போகக் காரணம்: ஷியர் லாக்கிங்

1 மீட்டர் ஸ்டீல் கேண்டிலீவர் (ஒரு முனை மட்டும் பிடிக்கப்பட்ட பீம்), அகலம் 20 மி.மீ., உயரம் 10 மி.மீ., நுனியில் 10 நியூட்டன். சூத்திரம் 10 மி.மீ. தொய்வு தருகிறது, பீமை எலிமெண்ட் எனும் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணக்கிடும் உங்கள் ஃபைனைட் எலிமெண்ட் புரோகிராம் 0.3தான் தருகிறது என்கிறீர்கள். யூனிட்டில் பிழையில்லை நண்பரே. 10 நேரியல் டிமொஷென்கோ எலிமெண்ட்டுக்கு (வளைவோடு வெட்டுத் திரிபையும் கணக்கிடும் வகை) முழு இன்டக்ரேஷன், அதாவது ஒவ்வொன்றிலும் இரண்டு காஸ் புள்ளி (தொகையிட மதிப்பு எடுக்கும் இடம்), போட்டால் சரியாக இந்த 0.3தான் வரும்.

மெல்லிய பீமில் வெட்டுத் திரிபு, அதாவது பீமின் சாய்வுக்கும் குறுக்குவெட்டின் சுழற்சிக்கும் உள்ள வித்தியாசம், பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். எலிமெண்ட்டுக்குள் சாய்வு மாறிலி, சுழற்சியோ நேரியல். இரண்டு காஸ் புள்ளியிலும் வித்தியாசத்தைப் பூஜ்யமாக்கினால் சுழற்சியும் மாறிலியாகிவிடும். பிறகு வளைவு எங்கிருந்து வரும்? பீம் இப்படிப் பொய்யாக விறைப்பதுதான் ஷியர் லாக்கிங்.

வெட்டுப் பகுதிக்கு மட்டும் நடுவில் ஒரே காஸ் புள்ளி வையுங்கள். அதே 10 எலிமெண்ட்டில் 9.98 கிடைக்கும். முழு இன்டக்ரேஷனையே வைத்துக்கொண்டு மெஷ்ஷை (எலிமெண்ட் பிரிப்பை) மட்டும் நுணுக்கினால், 1% பிழைக்கே சுமார் 570 எலிமெண்ட் வேண்டும், வீண் வேலை.