பொலிரோவா, யோதாவா, படா தோஸ்தா? எடைக் கணக்கும் உப்புக் கணக்கும்

கேள்வி: தங்கச்சிமடத்தில் மீனும் நண்டும் வாங்கி மதுரைக்கு அனுப்புகிறேன். வாரம் ஐந்து நடை. நடைக்கு ஒரு டன் மீன் போகும். இதுவரை வாடகை வண்டிதான். இப்போது 1.7 டன் பிக்கப் ஒன்று எடுத்து, பின்னால் மூடிய ஐஸ் கூண்டு கட்டலாம் என்று இருக்கிறேன். மீன்பிடித் தடைக்காலத்தில் வண்டி சும்மா நிற்காமல் மிளகாய், கருவாடு ஏற்ற வேண்டும். டிரைவர் பொலிரோ பிக்கப்தான் என்கிறார். மச்சான் டாடா யோதாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறார். அசோக் லேலண்ட் படா தோஸ்த் ஐ4 விலை குறைத்துத் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். மூன்றில் எது உழைக்கும்?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: மூன்றுமே உழைக்கிற வண்டிகள்தான். ஆனால் உங்கள் லோடுக்கு 1.7 டன் வண்டி பற்றாது. கம்பெனியைப் பார்ப்பதற்கு முன் இந்தக் கணக்கை முடித்துவிடுவோம்.

விளம்பரத்தில் போடும் 1,700 கிலோ, கம்பெனி கொடுக்கும் சாதாரணத் தளத்தோடு வரும் வண்டிக்கானது. பஃப் (குளிர் காக்கும் நுரை அடைத்த) கூண்டு கட்டினால் அந்தத் தளத்தைவிட 350 கிலோவாவது எடை கூடும். டிரைவர், கிளீனர் இரண்டு பேருக்கு 150 கிலோ. மீதி 1,200. மதுரைக்கு இரவு ஓட்டத்தில், நல்ல கூண்டாக இருந்தால், மீனில் பாதி எடைக்கு ஐஸ் போட்டால் ஓடிவிடும். திறந்த பெட்டியில் சித்திரை வெயில் என்றால் சரிக்குச் சரி போட வேண்டும். பாதி என்றே வைத்தாலும் 800 கிலோ மீன், 400 கிலோ ஐஸ், அதோடு வண்டி நிறைந்துவிட்டது. ஒரு டன் மீனுக்கு 500 கிலோ ஐஸ், அதாவது 50 கிலோ பார் பத்து. நடைக்கு 300 கிலோ ஓவர்லோடு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-வது பிரிவில் ஓவர்லோடுக்கு அபராதம் 20,000 ரூபாயில் தொடங்கி, கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ஏறும். அபராதமாவது பிடிபட்டால்தான். பின் அச்சும் ஸ்பிரிங் பட்டையும் தினமும் வாங்கும் அடிக்குத் தப்பே கிடையாது.

ஆக நீங்கள் பார்க்க வேண்டியது 2 டன் வண்டி. ஐ4-இன் சுமைத்திறன் 2 டன்னுக்குக் கீழேதான். எவ்வளவு விலை குறைத்தாலும் அந்தக் குறை தீராது. அது மோசமான வண்டி என்று அர்த்தமில்லை. 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர், 80 குதிரைத்திறன். முன்மூக்கு நீளாததால் சந்தில் திருப்ப வசதி. 700, 800 கிலோ மீனோடு ராமநாதபுரம், பரமக்குடி சுற்றுகிறவர் தாராளமாக எடுக்கலாம். இசுசு டி-மேக்ஸை நீங்கள் கேட்கவில்லை. அதுவும் 1.7 டன் வகுப்பு, சர்வீஸ் மையங்களும் குறைவு. விட்டுவிடலாம்.

மிஞ்சுவது மகிந்திரா பொலிரோ மேக்ஸ் பிக்கப் எச்.டி. 2.0 எல், டாடா யோதா 2.0. இரண்டுக்கும் சுமைத்திறன் 2,000 கிலோ. எஞ்சினில் டாடா ஒரு படி மேலே: 2.2 லிட்டர், 100 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர் இழுவை. மகிந்திரா 2.5 லிட்டர், அந்த வரிசையில் 80 குதிரைத்திறன், 220 நியூட்டன் மீட்டர். முழு லோடோடு ஓவர்டேக் எடுக்கும்போது வித்தியாசம் தெரியும். ஆனால் மதுரை வரை சமதரை. பாம்பன் பாலத்து ஏற்றத்தை விட்டால் கொண்டை ஊசியும் இல்லை, மலையும் இல்லை. அந்த 20 குதிரைக்காக டாடாவை எடுக்க இந்த வழித்தடத்தில் காரணம் இல்லை. கொடைக்கானலுக்கு லோடு அடிக்கிறவராக இருந்தால் மச்சான் பக்கம் பேசியிருப்போம்.

தளத்தின் நீளம் மகிந்திராவில் 3,050 மில்லிமீட்டர், பத்தடி. யோதாவில் குறைவு. உங்களுக்கு இதுதான் முக்கியம். காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் அந்த ஐஸ் கூண்டுக்கு வர வேண்டும்.

கூண்டு கட்டாதீர்கள். பத்து மாதம் மீன் ஏற்றிய கூண்டுக்குள் முண்டு மிளகாய் மூட்டையை வைத்தால் கவிச்சி ஏறிவிடும், கமிஷன் கடையில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். எந்தப் பவுடர் போட்டுக் கழுவினாலும் கதவு ரப்பரிலும் தரை இடுக்கிலும் வாடை நிற்கும். போதாததற்கு, வெறும் கூண்டோடு திரும்பும்போது பாம்பன் பாலத்தில் பக்கக் காற்று அடித்தால் வண்டி அலையும். இதற்குப் பதில் திறந்த தளத்தோடு வண்டியை எடுத்து, இரட்டைச் சுவர் பிளாஸ்டிக் ஐஸ் தொட்டிகளை வைத்து பெல்ட் போட்டு இறுக்குங்கள். 1,000 லிட்டர் தொட்டி இரண்டும் சேர்ந்து சுமார் 200 கிலோ. ஆள் எடையும் போக 1,650 கிலோ மிச்சம். ஒரு டன் மீன், 500 கிலோ ஐஸ் போக இன்னும் 150 கிலோவுக்கு இடம் இருக்கிறது. இரண்டு தொட்டியில் ஐஸோடு 900 கிலோ வரை மீன் அடங்கும். மீதியையும் நண்டையும் தனிப் பெட்டியில் பின்னால் வைத்துக்கொள்ளலாம். தடைக்காலம் வந்தால் தொட்டியை இறக்கிவிட்டு, தளத்தைக் கழுவித் தார்ப்பாய் விரித்து மிளகாய் ஏற்ற வேண்டியதுதான்.

தொட்டி விற்பவரிடம் வெளிப்புற நீள அகலம் கேட்டு, ஷோரூம் வண்டியின் தளத்தில் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். பத்தடித் தளத்தில் இரண்டு தொட்டி போகப் பெட்டி அடுக்க இடம் கிடைக்கும். சின்னத் தளத்தில் பெட்டிக்கு இடமிருக்காது, அப்புறம் தொட்டி மேல் அடுக்குவார்கள், அது சாயும்.

இல்லை, கூண்டுதான் வேண்டும் என்றால் பதிவுக்கு முன்பே கட்டி, பட்டறை ரசீதோடு பதிவு செய்யுங்கள். ஆர்.சி.யில் ஒரு விதமும் ரோட்டில் ஒரு விதமும் இருந்தால் விபத்து நாளில் இன்சூரன்ஸ்காரர் முதலில் பிடிப்பது அதைத்தான். உட்பக்கம் ஃபைபர் தகடு போடச் சொல்லுங்கள், ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வேண்டாம். சேசிஸில் (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தில்) துளை போடவும் கூடாது, வெல்டு வைக்கவும் கூடாது, யு-போல்ட் மட்டும். சேசிஸுக்கும் கூண்டின் சட்டத்துக்கும் நடுவில் மரக்கட்டை வைப்பது பட்டறை வழக்கம். அந்தக் கட்டை மீன் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு சேசிஸை மேலிருந்து அரிக்கும்; ரப்பர் பட்டை போதும். பட்டறையில் எங்கே வெல்டு வைத்தாலும் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான். இல்லாவிட்டால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர் போய்விடும்.

இனி உப்பு. பாம்பன் காற்று எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1914-இல் திறந்த ரயில் பாலத்தில் துரு ஏறி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் பாலிசிலாக்சேன் என்ற துரு தடுப்புப் பூச்சும் போட வேண்டியிருந்தது. மீன் வண்டிக்கு அந்தக் காற்றோடு ஐஸ் உருகிய உப்புத் தண்ணீரும் சேர்கிறது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் கெடும் வரிசை ஏறத்தாழ இதுதான்: முதலில் டெயில் லைட் ஹோல்டரும் எர்த் வயரும். அடுத்து ஹேண்ட் பிரேக் கேபிளும், பின் பிரேக் டிரம்மில் வீல் சிலிண்டரும் இறுகும். அப்புறம் ஸ்பிரிங் பட்டைகளுக்கு நடுவே துரு உப்பி, நடு போல்ட் இருக்கும் இடத்தில் பட்டை முறியும். கடைசியில் பிரேக் குழாயில் ஊசித் துளை விழும். இதில்தான் உயிர் போகும். வண்டி நிற்கும் இடத்தில் ஈரத்தடம் தெரிந்தால் அது மீன் தண்ணீரா பிரேக் ஆயிலா என்று விரலால் தொட்டுப் பார்க்க டிரைவரைப் பழக்குங்கள். ஆயில் பிசுபிசுக்கும்.

தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்பதில்தான் பாதி ஆயுள். தொட்டியின் வடிகால் அடைப்பானைத் திறந்து விட்டுவிட்டு ஓட்டுவார்கள், தண்ணீர் தளத்தில் பரவிச் சேசிஸ் மேல் வடியும். அந்த ஓட்டையில் குழாய் மாட்டி, பின் இடது மூலையில் 40 லிட்டர் கேனில் விடுங்கள். ரோட்டில் மீன் தண்ணீர் ஊற்றினார் என்ற புகாரும் வராது.

திரும்பும் வழியிலேயே அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ராமேஸ்வரம் தீவில் பல இடங்களில் போர் தண்ணீரே உப்பு. அதில் கழுவுவது வீண் வேலை. வாயில் வைத்துப் பார்த்துக் கரித்தால் வேண்டாம். மதுரையிலேயே லோடு இறக்கிய கையோடு கழுவிவிடுங்கள். பிரஷர் கன்னை வயர் கனெக்டர் மேல் நேராக அடிக்கக் கூடாது. பிஎஸ்6 (இப்போதைய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டியில் சைலன்சரை ஒட்டி சென்சார்கள் இருக்கின்றன. அவற்றின் கனெக்டரில் உப்பு ஏறினால் எச்சரிக்கை விளக்கு எரிந்து, எஞ்சின் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டீலர் சென்சார் மாற்ற வேண்டும் என்பார். பல நேரம் கனெக்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தாலே சரியாகும்.

அடிப்பூச்சை டெலிவரி எடுத்ததும், முதல் மீன் ஏறுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். வெளிப்பக்கம் தார் வகையைச் சேர்ந்த ரப்பர் பூச்சு. சேசிஸின் பெட்டிப் பகுதிக்குள்ளும் கதவு அடியிலும் மெழுகு வகை ஸ்பிரே. இரண்டு மாதம் மீன் ஓட்டிவிட்டு ரப்பர் பூச்சு அடித்தால் உப்பை உள்ளே வைத்து மூடியதாகிவிடும், துரு வெளியே தெரியாமல் தின்னும். அப்புறம் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் ஒரு வாரம் ஒதுக்கி, ஸ்பிரிங் பட்டைகளைப் பிரித்துத் தேய்த்து கிரீஸ் வைத்து, பூச்சு உரிந்த இடத்தில் மறுபடி அடியுங்கள்.

டீசலிலும் ஒரு வார்த்தை. வரிச் சலுகையில் வரும் படகு டீசலைக் கேனில் வாங்கி ஊற்றும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அது சட்ட விரோதம். கேனில் தண்ணீரும் உப்பும் சேர்ந்திருந்தால் காமன் ரெயில் எஞ்சினில் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்கள் ஒரே நடையில் போய்விடும். ஏலக்கூடத்தில் மணிக்கணக்கில் எஞ்சினை ஓடவிட்டு நிறுத்துவதும் கூடாது, புகைக்கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் கரி அடையும். டேஷ்போர்டில் டிபிஎஃப் விளக்கு எரிந்தால் 60 கிலோமீட்டர் வேகத்தில் இருபது நிமிடம் நிற்காமல் ஓட்டினால் கரி எரிந்துவிடும். மதுரை நடை ஓடும் வண்டிக்கு இது தானாகவே நடக்கும். உள்ளூரிலேயே சுற்றுகிற வண்டிகளுக்குத்தான் தலைவலி.

வாரண்டியைப் பார்க்கும்போது ஆண்டை விட்டுவிட்டு கிலோமீட்டரைப் பாருங்கள். போக வர 320 கிலோமீட்டர், வாரம் ஐந்து நடை, தடைக்காலம் போக 43 வாரம்: ஆண்டுக்குக் கிட்டத்தட்ட 70,000. மூன்று ஆண்டு அல்லது ஒரு லட்சம் கிலோமீட்டர் என்று எழுதியிருந்தால் உங்களுக்கு அது ஒன்றரை ஆண்டுகூட வராது. துருவுக்கு வாரண்டி உண்டா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

எங்கள் தீர்ப்பு: மகிந்திரா 2.0 எல். நீளத் தளம் ஒரு காரணம். இந்த வகுப்பில் மிக அதிகமாக ஓடும் வண்டி அது என்பதால் ரோட்டோர மெக்கானிக்குக்குக் கை பழகியிருக்கும், விற்கும்போதும் விலை நிற்கும். ஆனால் இந்தத் தீர்ப்பை மாற்றக்கூடிய சோதனை ஒன்று உண்டு. முன்பணம் கட்டும் முன் இரண்டு டீலர்களிடமும் ஷோரூமுக்குள் போகாமல் நேராக ஸ்பேர்ஸ் கவுண்டருக்குப் போங்கள். கிளட்ச் செட், பின் வீல் சிலிண்டர், ஹேண்ட் பிரேக் கேபிள், மெயின் பட்டை, டீசல் ஃபில்டர், டிபிஎஃப் சென்சார். இந்த ஆறும் இன்று கையிருப்பில் இருக்கிறதா, விலை என்ன என்று கேளுங்கள். மகிந்திராவில் இரண்டு இருந்து டாடாவில் ஐந்து இருந்தால் யோதாவை எடுங்கள், தொட்டியைச் சற்றுச் சிறிதாக வாங்கிக்கொள்ளலாம். மீன் லோடோடு நிற்கும் வண்டிக்கு ஸ்பேர் மதுரையிலிருந்து வரும் வரை ஐஸ் காத்திருக்காது.

காகித வேலை கொஞ்சம். வண்டியும் சுமையும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டுவதால் பர்மிட் வேண்டும். டிரைவரிடம் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் இருந்தால் போதும். 7,500 கிலோ வரையிலான சரக்கு வண்டியை அதை வைத்தே ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. (தகுதிச் சான்று), அதன்பின் ஆண்டுதோறும். 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகிவிட்டது. கொட்டேஷனில் அந்த வரியைச் சரிபாருங்கள்.

மத்திய அரசின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் ஐஸ் கூண்டு வண்டிக்கு மானியம் வைத்திருந்தார்கள்: பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் 60. மீன்வளத் துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இப்போது ஒதுக்கீடு இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். வண்டியை எடுத்துவிட்டுப் போய்க் கேட்டால் கிடைப்பது கடினம். மானியம் உறுதி என்றால் மட்டும் மேலே சொன்ன கூண்டுக் கணக்கை மறுபடி போடுங்கள். அப்போது 2 டன் வண்டியிலும் 1,500 கிலோதான் மிஞ்சும், கூண்டுக்குள் மீன் அடுக்கும் 25 பெட்டியின் எடை 50 கிலோ போனால் மீனை 950-இல் நிறுத்த வேண்டும். மிளகாய் லோடையும் மறந்துவிட வேண்டும்.

முன்பதிவை, வண்டி மே கடைசியில் கைக்கு வரும்படி செய்யுங்கள். பூச்சு அடித்து, தொட்டி பொருத்தி, எடை மேடையில் வெறும் வண்டியை ஒருமுறை நிறுத்திச் சீட்டு வாங்கி வைத்துக்கொள்ள இரண்டு வாரம் கிடைக்கும். முதல் தவணை ஜூலையில் தொடங்கட்டும். ஏப்ரல் பாதி முதல் ஜூன் பாதி வரை தவணையைக் குறைத்து மற்ற மாதங்களில் கூட்டித் தர முடியுமா என்று கடன் கொடுப்பவரிடம் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். மீன் வண்டிக்கு அது நியாயமான கோரிக்கைதான்.