தலை தப்ப முழங்கால் மடியட்டும்: குத்துச்சண்டை கேள்வி பதில்

கேள்வி: ஜாப் (முன்னால் நிற்கும் கையால் நேராக விடும் குத்து) வந்தால் குனிந்து தப்பிவிடுகிறேன். நிமிர்வதற்குள் அடுத்த குத்து முகத்தில் விழுகிறது, அநேகமாக அப்பர்கட் (கீழிருந்து மேலே வரும் குத்து). எங்கே பிழை? (வாசகர், கொக்குவில்)

இடுப்பில். முழங்காலை மடிக்காமல் இடுப்பை வளைத்துக் குனிகிறீர்கள். அப்படிக் குனிந்தால் கண் நிலத்தைப் பார்க்கும். மூக்கு முன் முழங்காலைத் தாண்டிப் போய் எதிராளியின் கைக்கு மேலே நிற்கும். அப்பர்கட் போடுபவருக்கு வேறென்ன வேண்டும்? போதாததற்கு, அவருடைய இடுப்புப் பட்டிக்குக் கீழே தலையைக் கொண்டுபோவது அமெச்சூர் விதிப்படி தவறு.

ஜாப்புக்குக் குனியவே தேவையில்லை, விலகினால் போதும். இருவரும் இடக்கால் முன்வைத்து நிற்பவர்கள் என்று கொள்வோம். ஜாப் கிளம்பியதும் தோள் இரண்டையும் வலப்பக்கம் திருப்புங்கள். இடத்தோள் முன்னுக்கு வரும், உடற்பாரம் வலக்காலில் இறங்கும், வல முழங்கால் கொஞ்சம் மடியும், இடக்குதி வெளிப்பக்கம் திரும்பும். கழுத்தைத் தனியே ஆட்ட வேண்டாம்; தோள் போகும் வழியில் தலையும் போகும். கையுறை காதோரம் உரசிப் போனால் அளவு சரி. ஒரு அடி தூரம் விலகினால் திரும்பி வர நேரம் பிடிக்கும். அந்த நேரத்தில்தான் இரண்டாவது குத்து வருகிறது.

வலப்பக்கம் விலகினால் அவருடைய கைக்கு வெளியே நிற்பீர்கள். அவருடைய வலக்கைக்கு நீங்கள் தூரம். பாரம் வலக்காலில் இருப்பதால் உங்கள் வலக்குத்தும் தயாராக இருக்கும். இடப்பக்கம் விலகுவதும் உண்டு, ஆனால் அது அவருடைய வலக்கையை நோக்கிப் போகும் வழி. வலது கையுறை கன்னத்தை விட்டு அசையாதவர்களுக்கே அது சரிவரும். ஒரே பக்கம் மூன்று தரம் விலகினால் நான்காவது தரம் அவர் பொய்க்குத்துக் காட்டிவிட்டு அங்கேயே அடிப்பார். பக்கத்தை மாற்றுங்கள், சில தரம் விலகாமல் கையுறையால் தடுங்கள்.

கேள்வி: எங்கள் பக்கம் பயிற்சிக்கூடம் இல்லை. வீட்டு முற்றத்தில் என்ன செய்யலாம்? (வாசகர், சாவகச்சேரி)

இரண்டு மரங்களுக்கிடையில் 12 அடி நீளத்துக்கு உடுப்புக் காயப்போடும் கயிற்றை உங்கள் தோள் உயரத்தில் இறுக்கிக் கட்டுங்கள். கயிற்றின் ஒரு நுனியில் நின்று, அதன் இருபக்கமும் மாறிமாறித் தலை வரும்படி கீழால் புகுந்து புகுந்து மறுநுனிக்குப் போங்கள். தலை ஆங்கில 'யூ' எழுத்தின் வழியில் இறங்கி ஏற வேண்டும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு காலடி. மறுநுனியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி அதிலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். துணி மறைந்தால் நீங்கள் இடுப்பால் குனிகிறீர்கள். 2 நிமிடம் செய்து 1 நிமிடம் ஆறி, மூன்று சுற்று போதும்.

ஹூக்குக்கு (பக்கத்திலிருந்து வளைந்து வரும் குத்து) கீழால் புகுவதற்கான பயிற்சி இதுதான். குத்து வரும் பக்கத்தை நோக்கிப் புக வேண்டும். எதிராளியின் இடக்கை ஹூக் என்றால் உங்கள் வலப்பக்கமாக எழும்புங்கள். குத்தோடு சேர்ந்து அது போகும் பக்கமே போனால், எழும்பும்போது அது உங்களைப் பிடித்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. முற்றத்து மணலில் கால் புதைந்திருக்க உடலைச் சுழற்றினால் முறுக்கு முழங்காலில் ஏறும். சுழலும் பயிற்சியைச் சீமெந்துத் தரையில், அடி தட்டையான சப்பாத்துடன் செய்யுங்கள். பிடிப்புக் கூடிய ஓட்டச் சப்பாத்தும் இதற்கு ஆகாது.

கேள்வி: பின்வாங்கிப் பின்வாங்கி மூலையில் மாட்டிக்கொள்கிறேன். (வாசகர், பருத்தித்துறை)

நேராகப் பின்னால் இரண்டு காலடிக்கு மேல் போகாதீர்கள். போகும் திசைக்குக் கிட்டவுள்ள கால் முதலில் நகரட்டும்: பின்னால் என்றால் பின்கால், வலப்பக்கம் என்றால் வலக்கால். மற்றக்கால் அதே அளவு தொடரட்டும், அரை அடிக்குள். கால்கள் ஒன்றையொன்று தாண்டிய நேரத்தில் சின்னத் தட்டுப் பட்டாலும் விழுவீர்கள்.

மேடைக் கயிறு முதுகில் படும்வரை காத்திருக்க வேண்டாம். இரண்டாவது காலடியோடு இடது முன்பாதத்தை அச்சாக ஊன்றி, வலக்காலை வலப்பக்கமாக வீசிச் சுழலுங்கள். இப்போது எதிராளியின் இடத்தோளுக்கு வெளியே நிற்பீர்கள். அவர் திரும்பித்தான் அடிக்க வேண்டும். சுழலும்போது வலது கையுறை கன்னத்திலேயே இருக்கட்டும். எதிராளி இடக்கைக்காரர் என்றால் கணக்கு மாறும்: உங்கள் இடக்காலை அவருடைய வலக்காலுக்கு வெளியே வைத்து இடப்பக்கமாகச் சுற்றுங்கள்.

கேள்வி: முகமது அலி கையைத் தொங்கவிட்டுப் பின்னால் சாய்ந்து தப்பினாரே? (வாசகர், நல்லூர்)

அவருக்கு 6 அடி 3 அங்குல உயரமும், அதற்கேற்ற கண்ணும் காலும் இருந்தன. அவரையே 1971 மார்ச் 8இல், 15ஆவது சுற்றில், ஜோ ஃப்ரேசியரின் இடக்கை ஹூக் தரையில் விழுத்தியது. பின்னால் சாய்ந்த உடலுக்கு மேலும் போக இடமில்லை, திருப்பியடிக்கப் பலமுமில்லை. கையைக் கன்னத்தில் வையுங்கள்.

கேள்வி: தலைக்கவசம் போட்டால் மகனின் மூளைக்குப் பாதிப்பு வராதா? (ஒரு தாய், சுன்னாகம்)

வரலாம், அம்மா. கவசம் வெட்டுக்காயத்தையும் கண்டலையும் குறைக்கும். மண்டைக்குள் மூளை குலுங்குவதைத் தடுக்காது. வளர்ந்த ஆண்களுக்கான சர்வதேச அமெச்சூர் போட்டிகளில் 2013இலிருந்து அதை எடுத்தும்விட்டார்கள். அதற்காகப் பிள்ளைகள் கழற்றலாம் என்றில்லை. அடிபட்ட பின் தலையிடி, தலைச்சுற்று, தடுமாற்றம் ஏதும் இருந்தால் அன்றைய பயிற்சி முடிந்தது. வைத்தியர் சொல்லும்வரை எதிராளியோடு மோதக் கூடாது. வாந்தி, மயக்கம், பேச்சுக் குழறல், நித்திரையால் எழுப்ப முடியாமை என்றால் உடனே யாழ் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.