மவுத்வாஷால் வந்த கறை போகுமா?

கேள்வி: ஞானப்பல் எடுத்தபோது டாக்டர் குளோர்ஹெக்ஸிடின் மவுத்வாஷ் எழுதிக் கொடுத்தார். வாய் சுத்தமாக இருப்பதுபோல் தோன்றியதால் இரண்டு மாதமாக விடாமல் கொப்பளிக்கிறேன். இப்போது பல் இடுக்கெல்லாம் பழுப்புக் கறை. பல் கெட்டுவிட்டதா?

பதில்: பயப்படாதீர்கள், பல் கெடவில்லை. கறை மேலாகத்தான் படிந்திருக்கிறது. கண்ணாடியில் கீழ்வரிசை முன்பற்களின் உட்புறத்தைப் பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் அதிகம் இருக்கும்.

இந்த மருந்துக்கு ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. அதன் மூலக்கூறு நேர்மின்னூட்டம் கொண்டது. பாக்டீரியாவின் மேற்புறமோ எதிர்மின்னூட்டம் கொண்டது. அதனால் போய் ஒட்டி, சவ்வைச் சிதைத்துக் கொல்கிறது. பல்லிலும் ஈறிலும் அப்படியே ஒட்டி, சுமார் 12 மணி நேரம் வேலை செய்கிறது. பல் தேய்க்காமல், 0.2 சதவீதக் கரைசலைத் தினம் இருமுறை கொப்பளித்தாலே புதிதாகப் பல்லழுக்கு படியாது என்று பல் ஆய்வாளர்கள் ஹரால்ட் லோவும் ஷியோட்டும் 1970இல் காட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே தடிமனாகப் படிந்த அழுக்குக்குள் இது சரியாக ஊடுருவாது. அதற்கு பிரஷ்தான்.

சரி, கறை எங்கிருந்து வருகிறது? நாம் குடிக்கும் டீ, காபியிலிருந்துதான். பல்லில் ஒட்டியிருக்கும் மருந்தை அவற்றின் நிறப்பொருள் பிடித்துக்கொள்கிறது. கிருமியைக் கொல்லும் அதே ஒட்டும் குணம்தான் கறைக்கும் காரணம். நாக்கில் ருசி மாறுவதும், காரை (பல்லில் கல்போல் இறுகிய அழுக்கு) கொஞ்சம் கூடுவதும் இதோடு சேர்ந்து வரும்.

மவுத்வாஷை இன்றே நிறுத்துங்கள். இது வழக்கமாக இரண்டு வாரத்துக்கு எழுதும் மருந்து, தினசரிப் பழக்கம் அல்ல. உப்பு, கரி, எலுமிச்சை என்று எதையும் போட்டுத் தேய்க்காதீர்கள். பல்லின் மேலுறையான எனாமல் தேய்ந்துவிடும். பல் டாக்டரிடம் ஒருமுறை ஸ்கேலிங் (படிந்ததைச் சுரண்டி எடுப்பது), பாலிஷிங் செய்தால் கறை போய்விடும்.

இனி எப்போதாவது எழுதிக் கொடுத்தால், பல் தேய்த்து அரை மணி நேரம் கழித்துக் கொப்பளியுங்கள். பேஸ்ட்டில் நுரைக்காகச் சேர்க்கும் சோடியம் லாரில் சல்ஃபேட் இந்த மருந்தைச் செயலிழக்கச் செய்துவிடும். கொப்பளித்த உடனே டீ வேண்டாம். டீயைக் குடித்துவிட்டு, வாயைத் தண்ணீரால் கழுவி, அப்புறம் கொப்பளிப்பது நல்லது. முன்பல்லில் பல் நிற ஃபில்லிங் இருந்தால் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். அதன் ஓரத்தில் இறங்கிய கறை பாலிஷிங்கில் முழுதாகப் போகாமல், ஃபில்லிங்கையே மாற்ற வேண்டி வரலாம்.